அறிக்கை வேண்டாம், ஆற்றுப்படை போதும்

இளம் கலைஞர்களின் பயணத்துக்குப் பொருளுதவி செய்யச் சிறியதோர் அறக்கட்டளையை நிறுவலாம் என்ற யோசனை எங்கள் வட்டத்தில் இரண்டாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆண்டுக்கு ஒருவர். ஓவியர், சிற்பி, கூத்துக் கலைஞர், கவிஞர், யாராகவும் இருக்கலாம். வயது முப்பத்தைந்துக்குள். பயணக்காலம் மூன்று மாதம். இதற்கு மேல் எங்கள் கை நீளாது. பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது. சென்ற மாதம் கூடியபோது நண்பர் ஒருவர் விண்ணப்பப் படிவத்தின் வரைவைக் கொண்டுவந்தார். மொத்தம் ஒன்பது கேள்விகள். ஏழாவது கேள்வி: இப்பயணத்தால் விளையப்போகும் பயன்கள் யாவை, மாத வாரியாகக் குறிப்பிடுக. ஒன்பதாவது: பயணம் முடிந்த முப்பது நாட்களுக்குள் அறிக்கை அளிக்கச் சம்மதம் என்று கையொப்பமிடுக. கூட்டம் அந்த இரண்டு கேள்விகளைத் தாண்டி நகரவில்லை, சண்டையில் முடிந்தது. இக்கட்டுரை அந்தச் சண்டையின் ஒரு தரப்பு. இங்கே 'நாங்கள்' என்பது அப்படிவத்தை எதிர்த்த நால்வரைக் குறிக்கும்.

ஏழாம் கேள்வியை நாங்கள் எதிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதிலை ஒருமுறை நாங்களே வேறொருவருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கும்பகோணத்தில் ஓவியம் பயின்ற இளைஞர் ஒருவர் எங்களிடம் வந்தார். ஐரோப்பியப் பயணத்துக்கு நல்கை தரும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க விரும்பினார். அவர் பெயரும் அறக்கட்டளையின் பெயரும் இங்கு தேவையில்லை. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், எழுத வராது. இத்தாலியில் பதுவா நகரில் ஜியோத்தோ வரைந்த சுவரோவியங்களை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அவரிடம் வேறு திட்டம் எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டோம். அச்சில் பார்த்த அந்த நீலம் உண்மையா என்று தெரியவேண்டும் என்றார். பார்த்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "பாத்தாத்தானே சார் தெரியும்" என்றார்.

'பயன்கள்' என்ற கட்டத்துக்குள் அந்த வாக்கியத்தை எழுத எங்களுக்குத் துணிவில்லை. இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒரு திட்டத்தைப் புனைந்தோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நடையில் நாயக்கர் கால ஓவியப் படலத்துக்கு அடியில் மறைந்திருந்து 1931-ல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களையும், 1305 அளவில் ஜியோத்தோ முடித்த பதுவா ஓவியங்களையும், சுண்ணப்பூச்சு முறையின் அடிப்படையில் ஒப்பிடுவது. முப்பது காட்சிகளுக்கு விரிவான குறிப்புகள், இரண்டு சொற்பொழிவுகள், ஒரு கையேடு. நல்ல ஆங்கிலத்தில் எழுதினோம். நல்கை கிடைத்தது. நாங்கள் இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம்.

பதுவாவின் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்துக்குள் பார்வையாளர்களைச் சிறு குழுக்களாகத்தான் விடுகிறார்கள். வெளியிலிருந்து ஈரமும் தூசியும் வந்து சுவரைத் தாக்காதிருக்க, முதலில் ஓர் அடைப்பறையில் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் உள்ளே கால் மணி நேரம். அந்தப் பதினைந்து நிமிடங்களும் நம் நண்பர் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பெழுதியிருக்கிறார். முப்பது காட்சிகள் அல்லவா. மறுநாள் மீண்டும் வர அட்டவணையில் இடமில்லை. அடுத்த ஊரில் அடுத்த குறிப்புகள் காத்திருந்தன. திரும்பி வந்தார், அறிக்கை அளித்தார், அறக்கட்டளையினர் பாராட்டிக் கடிதமும் அனுப்பினார்கள். எங்களிடம் அவர் சொன்னது வேறு: "நீங்க எழுதிக் குடுத்தத முடிச்சுட்டேன் சார். நீலத்தத்தான் சரியாப் பாக்கல."

இதில் அந்த அறக்கட்டளையின் மீது மட்டும் பழிபோட்டுவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்கு நாங்கள் செய்த உதவி, அவருடைய பயணத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு எங்களுடைய பயணமொன்றை அவர் தலையில் ஏற்றியதுதான். ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் அவருக்கு நல்கை கிடைத்திருக்காது என்பதும் உண்மை. தான் எதைக் காணப்போகிறோம் என்று முன்னரே அறிந்தவனைத்தான் அந்தப் படிவம் தேடியது. அவனுக்குப் பயணம் எதற்கு என்ற எளிய கேள்வியைப் படிவம் தயாரித்தவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது எங்கள் நண்பர்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

இது தனியொருவரின் துரதிர்ஷ்டம், பொதுவிதி ஆகாது என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. சரி, பயண நல்கைகளின் வரலாற்றில் வெற்றிகள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சிலவற்றையே எடுத்துக்கொள்வோம்.

ஜான் டி. ராக்ஃபெல்லர் மூன்றாமவர் 1963-ல் ஒரு நிதியத்தை நிறுவினார். ஆசியக் கலைஞர்கள் அமெரிக்கா சென்று தங்கிப் பார்த்துவர அது பணம் கொடுத்தது. இந்தியாவிலிருந்து 1964-ல் வி. எஸ். கெய்தொண்டே சென்றார். 1966-ல் கே. ஜி. சுப்பிரமணியன். 1968-ல் தையப் மேத்தா. அதுவரை மேத்தா கனத்த வண்ணப்பூச்சில், தூரிகைத் தடங்கள் துருத்தித் தெரிய வரைந்துகொண்டிருந்தவர். நியூயார்க்கில் பார்னெட் நியூமனின் ஓவியங்களை நேருக்கு நேர் கண்டார். நாடு திரும்பியபின், 1969 அளவில், அவருடைய திரைச்சீலையின் குறுக்கே ஒரு மூலைவிட்டக் கோடு விழுந்தது. உருவங்களை வெட்டிப் பிளந்துகொண்டு போகும் அந்தக் கோடும், அதன் இருபுறமும் தட்டையாகப் பரந்த வண்ணங்களும்தான் இன்று நாம் அறிந்த தையப் மேத்தா. நியூமனின் கோடுகளோ செங்குத்தானவை. அங்கே கண்டதை மேத்தா இங்கே கொண்டுவந்து இறக்கவில்லை. கண்டதன் விளைவாக அவருக்குள் வேறெதுவோ சாய்ந்தது. மறு ஆண்டில், 1970-ல், அவர் ஒரு குறும்படம் எடுத்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'கூடல்' என்னும் தமிழ்ச்சொல். ஓவியரை அமெரிக்கா அனுப்பிய நிதியத்தின் எந்தக் கட்டத்தில் இதையெல்லாம் முன்கூட்டியே நிரப்பியிருக்க முடியும்?

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். டென்மார்க்கில் ஆங்கர் என்ற வணிகர் விட்டுச்சென்ற அறநிதியொன்று இளம் ஓவியர், சிற்பி, எழுத்தாளர், இசையமைப்பாளர் ஆகியோரை வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்தது. 1890-ல் இருபத்தைந்து வயதான கார்ல் நீல்சன் அந்தப் பணத்தில் புறப்பட்டார். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி. வழியெங்கும் கச்சேரிகள் கேட்டார், ஓவியக் கூடங்களில் திரிந்தார், நாட்குறிப்பு எழுதினார். 1891 மார்ச்சில் பாரிஸில் ஆன் மரி ப்ரோடர்சன் என்னும் சிற்பியைச் சந்தித்தார். மே மாதம் ஃப்ளாரன்ஸில் அவரை மணந்துகொண்டார். பின்னாளில் ஆறு சிம்பொனிகள் எழுதித் தன் நாட்டின் தலையாய இசையமைப்பாளர் என்று அறியப்பட்ட மனிதர் அவர். மாத வாரி அட்டவணையில் மே மாதத்துக்கு நேரே அவர் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று ஏழாம் கேள்வியின் ஆசிரியர் எங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்.

நம் மொழிக்கு வருவோம். அசோகமித்திரன் 1973-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்த எழுத்தாளர் பயிலரங்கில் பங்கேற்றார். அது அறக்கட்டளை அல்ல, பல்கலைக்கழகத் திட்டம். ஆனாலும் நம் வாதத்துக்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. பல தேசத்து எழுத்தாளர்களை ஓரிடத்தில் மாதக்கணக்கில் வாழவிட்டால் என்ன நிகழும்? கருத்தரங்குகள் நிகழும், உரைகள் நிகழும், புகைப்படங்கள் எடுக்கப்படும். அவற்றையெல்லாம் முப்பது நாட்களுக்குள் அறிக்கையாக எழுதிவிடலாம். அசோகமித்திரனின் 'ஒற்றன்!' பல ஆண்டுகள் கழித்து வந்தது. குளிர், தனிமை, சின்னச் சின்னத் தவறான புரிதல்கள், புரியாத மொழிக்காரன்மீது திடீரென்று பொங்கும் பரிவு என, எந்த அறிக்கையிலும் இடம்பெறாத விஷயங்களே அந்த நூலாகியிருக்கின்றன. அவரிடம் பயண முடிவில் ஓர் அறிக்கையை வாங்கி, கோப்பில் போட்டு, கணக்கை முடித்துக்கொண்டவர்கள் உண்டென்றால், அவர்களிடம் இருப்பது காகிதம். நம்மிடம் இருப்பது நாவல்.

எதிர்த்தரப்பு நண்பர்கள் சொல்வதை நேர்மையாக எடுத்துவைக்கிறோம். அவர்கள் கலையின் எதிரிகள் அல்லர். மூன்று காரணங்கள் சொன்னார்கள். முதலாவது, இது பொதுப்பணம், பிறர் பணத்தில் பயணம் செய்பவர் பதில் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது, கேள்வியே கேட்காவிட்டால் ஊர் சுற்ற வருபவனுக்கும் கலைஞனுக்கும் எப்படி வேறுபாடு காண்பது? மூன்றாவது, ஒரு பயணம் வீணானால் அடுத்த ஆண்டு யாரும் நன்கொடை தரமாட்டார்கள்.

முதல் வாதத்தைப் பார்ப்போம். பிறர் பணம் என்ற சொல்லில் ஒரு மிரட்டல் இருக்கிறது. சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளையை நம் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். கல்கத்தாவில் வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டி 1916-ல் மறைந்த ஆங்கிலேயர் ஒருவரின் சொத்திலிருந்து 1981-ல் உருவானது அது. இந்தியாவில் வாழும் கலைஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், மரபுப் பாதுகாவலர்கள் பலரை அது பிரிட்டனுக்கு அனுப்பியிருக்கிறது. நன்றிக்குரிய பணி. ஆயினும் அந்தப் பணம் எங்கே விளைந்தது என்பதை மறந்துவிட்டு, பெறுபவர் கைகட்டி நிற்கவேண்டும் என்று சொன்னால் சிரிக்கத் தோன்றும். இந்த மண்ணில் ஈட்டியது அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து விமானச்சீட்டாகத் திரும்பி வந்தது. பெருஞ்செல்வங்கள் எவையும் தாம் வந்த வழியைப் பற்றி முப்பது நாட்களுக்குள் அறிக்கை தருவதில்லை. எங்கள் நிதி அப்படிப்பட்டதல்ல என்பது மெய்தான். ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் மாதச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது அது. ஆகவே அது வீணாகக்கூடாது என்ற பதற்றம் எங்களுக்கும் உண்டு. ஆனால் செலவுக்குக் கணக்கு கேட்பது வேறு, அனுபவத்துக்குக் கணக்கு கேட்பது வேறு. ரயில் சீட்டையும் விடுதி ரசீதையும் கேளுங்கள். பார்த்ததில் என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் வாதத்துக்கான பதில் புறநானூற்றிலேயே இருக்கிறது. பெருஞ்சித்திரனார் பரிசில் நாடி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்றபோது, அவன் புலவரை நேரில் காணாமலேயே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார். தம்மைப் பார்க்காமல், தம் தகுதியை எடைபோடாமல் தரப்படும் பொருளைப் பெற்றுக்கொள்ளத் தாம் வணிகர் அல்லர் என்பது அவருடைய நிலை. தினையளவு சிறிதாயினும் தகுதியறிந்து கொடுத்தால் போதும் என்றார். தேர்வு என்பது இதுதான். கொடுப்பதற்கு முன் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். படிவத்தை அல்ல, மனிதனை. அவன் ஊருக்குப் போய் அவன் வரைந்தவற்றின் முன்னால் அரைநாள் உட்காருங்கள். அவன் ஆடும் கூத்தை விடியும்வரை பாருங்கள். அவளுடைய கவிதைகளைச் சத்தமாகப் படித்துக் கேளுங்கள். ஊர்சுற்றி யார், கலைஞர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அந்த உழைப்பைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் நாம் படிவத்தை நீட்டுகிறோம். முன்னால் பார்க்காதவர்களே பின்னால் அறிக்கை கேட்கிறார்கள்.

படிவம் செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. ஆங்கிலத்தில் திட்டம் எழுதத் தெரிந்தவர்கள் அல்லது எழுதித்தர ஆள் உள்ளவர்கள் மட்டுமே அதைக் கடந்து வருகிறார்கள். எங்கள் ஓவிய நண்பருக்கு நாங்கள் இருந்தோம். எவரும் இல்லாதவர்கள் எத்தனை பேர்? பல நல்கைகளில், முதலில் நீ செலவழி, பிறகு ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள் என்ற ஏற்பாடும் சேர்ந்துகொள்கிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு வங்கியிருப்பைக் காட்டவேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவேண்டும். தெருக்கூத்தில் வேடம் கட்டி வாழும் ஓர் இளைஞனின் சேமிப்புக் கணக்கைக் கற்பனை செய்து பாருங்கள். முன்பணம் கையில் உள்ளவனுக்கே நல்கை என்றால், அதற்கு அறம் என்ற சொல் எதற்கு?

மூன்றாவது வாதம், வீணாகும் பயணம். ஆம், வீணாகும். பத்துப் பேரை அனுப்பினால் நான்கைந்து பேரிடமிருந்து எதுவும் வராமல் போகலாம். யாரிடமிருந்து, எத்தனை ஆண்டுகள் கழித்து, எந்த வடிவத்தில் வரும் என்பதை எவரும் சொல்ல முடியாது. விதைநெல்லைக் களத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியிடமும் உத்தரவாதம் கேட்கும் உழவன் உண்டா? நன்கொடையாளர்களிடம் இதை ஒளிக்காமல் சொல்வோம். இதைக் கேட்டபிறகும் கொடுப்பவர்களின் பணம் மட்டும் நமக்குப் போதும். தொகை குறையும் என்றால் மூன்று மாதத்தை இரண்டாக்குவோம். கண்டம் தாண்டாமல் அஜந்தாவுக்கும் சாந்திநிகேதனுக்கும் அனுப்புவோம். சுதந்திரத்தைக் குறைப்பதைவிடத் தூரத்தைக் குறைப்பது மேல்.

பயணம் முடிந்து வருபவரிடம் எதுவுமே எதிர்பார்க்கக்கூடாதா என்று கேட்டார் வரைவைத் தயாரித்த நண்பர். எதிர்பார்க்கலாம். அதற்கு நம்மிடம் ஈராயிரமாண்டுப் பழக்கமுள்ள ஒரு வடிவமே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்றை விட்டுவிட்டால், மற்ற நான்கும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனைக் கண்டு, இப்படிப் போ, இன்னாரிடம் போ என்று வழிசொல்வதாக அமைந்தவை. பொருநர், பாணர், கூத்தர் என்று அன்றைய நிகழ்த்துகலைஞர்களே அவற்றின் நாயகர்கள். மலைபடுகடாம் நன்னனின் மலைநாட்டுக்குப் போகும் வழியைச் சொல்கிறது. எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே பாம்பு கிடக்கும், எந்த ஊரில் கேட்காமலே சோறிடுவார்கள் என்பதுவரை அதில் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன், விடைபெறும் பொருநனோடு ஏழடி பின்னே நடந்துசென்று, நான்கு வெண்குதிரைகள் பூட்டிய தேரில் ஏற்றிவிடுகிறான். அடுத்து என்ன பாடுவாய் என்று அவன் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

அவை புரவலர் புகழ்தானே, அதுவும் ஒருவகை அறிக்கைதானே என்று எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். அப்பாடல்கள் மன்னனின் செவிக்கும் உரியவை என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அவ்வடிவம் யாரை முன்னிலைப்படுத்திப் பேசுகிறது என்று கவனியுங்கள். கருவூல அதிகாரியை அல்ல. பசித்த இன்னொரு கலைஞனை. தாம் பெற்றதைப் பெறாதவருக்கு எடுத்துச்சொல்லி வழிகாட்டுவதே பெற்றவரின் கடமை என்று வகுத்தது நம் மரபு. அந்தக் கடமை மேல்நோக்கிப் போவதில்லை, பக்கவாட்டில் போகிறது.

ஆகவே எங்கள் மாற்று வரைவு இது. விண்ணப்பம் தமிழில், ஒரு பக்கத்துக்குள். எழுத வராதவர்கள் நேரில் வந்து சொல்லலாம். இரண்டே கேள்விகள்: இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்? எங்கே போக விரும்புகிறீர்கள்? தேர்வுக்குழுவினர் விண்ணப்பித்தவரின் இடத்துக்குச் சென்று அவர் கலையைப் பார்த்தபின்பே முடிவெடுக்க வேண்டும். விசா, காப்பீடு, குளிருடை உட்பட முழுத்தொகையும் புறப்படும் முன்பே தரப்படும். செலவு ரசீதுகள் தவிர வேறு அறிக்கை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: திரும்பி வந்தவர், அடுத்த ஆண்டு செல்பவரோடு ஒருநாள் உட்கார்ந்து வழி சொல்லவேண்டும். எந்த நகரில் தங்குமிடம் மலிவு, எந்தக் கூடத்தில் எந்தக் கிழமை கட்டணமில்லை, எங்கே ஏமாந்தோம், எங்கே அழுதோம், எதன்முன் வெகுநேரம் நின்றோம், இப்படி எதையும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வட்டம் மீண்டும் கூடுகிறது. ஏழாம் கேள்வியும் ஒன்பதாம் கேள்வியும் நீக்கப்படாவிட்டால் எங்கள் நால்வரின் பங்குத் தொகையை இந்த அறக்கட்டளையில் சேர்க்கப்போவதில்லை. தொகை பெரிதல்ல, ஆனால் இன்னொரு இளைஞனைத் தலைகுனிந்து குறிப்பெழுத அனுப்பும் செலவில் எங்கள் பங்கு இருக்காது. மாற்று வரைவு ஏற்கப்பட்டால், முதல் பயணியோடு உட்கார்ந்து வழி சொல்ல ஒருவர் வேண்டுமே என்று அந்த ஓவிய நண்பரைக் கேட்டிருக்கிறோம். வருகிறேன் என்றிருக்கிறார். பதுவாவுக்குப் போகிறவராக இருந்தால், சிற்றாலயத்துக்கு இரண்டு நாளைக்கும் சேர்த்துச் சீட்டெடுக்கச் சொல்வேன் என்றும், உள்ளே போகும்போது பேனாவை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வேன் என்றும் சொன்னார்.